சுரங்கத்திலிருந்து வந்த சரித்திர ஆசிரியர்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்பெறுகின்றது. அதற்கு வித்திட்ட பெரியார் கார்ட்டர் ஜி. வுட்சன் ஆவார். அன்னாரின் வாழ்க்கை நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் அறியத்தக்கதாகும்.

1875ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்தில் நியூ கான்டன் என்னும் சிற்றூரில் வுட்சன் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தையார் எழுத்தறிவு இல்லாதவர். குடும்பத்தின் வறுமையால், வயல் வேலை இல்லாத நாள்களிலேயே மகனார் பள்ளிக்குச் செல்ல இயன்றது. வாலிபப் பருவத்தில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாளாய் உழைத்தார்.

ஆங்கு ஆலிவர் ஜோன்ஸ் என்னும் தொழிலாளி, தாம் படிக்க அறியாதவராயினும், நூல்களையும் செய்தித்தாள்களையும் வாங்கித் தம் இல்லத்தில் வைத்திருந்தார். வேலை முடிந்து தொழிலாளர் அங்கே கூடுவர். வுட்சன் உரக்கப் படிப்பார். உள்நாட்டுப் போரில் பங்குகொண்ட முதியோர் தாம் கண்டவற்றை எடுத்துரைப்பர். பள்ளி நூல்களில் காணப்பெறாத தம் இனத்தாரின் சரித்திரம் அம்முதியோர் நாவில் வாழ்வதை அவ்விளைஞர் உணர்ந்தார்.

20ஆம் வயதிலேதான் அவர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளுக்குள் தேறினார். பின்னர்ப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஆசிரியராயிருந்தார். 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் எய்தினார். டு போய்ஸ் என்னும் பேரறிஞர்க்குப் பின் அங்கு அப்பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் இவரே.

பட்டம் பெற்றும் அவர் மனம் அமைதியுறவில்லை. தன் முன்னோர் யாதும் செய்திலர் என்று படித்து வளரும் குழந்தை தன்னையே இழிவாக எண்ணும். பிறரும் அதனை இழிவாக நடத்தத் துணிவர் என்பது அவர் கருத்து. ஆதலின் 1915இல் சிக்காகோ நகரில் நீக்ரோ வாழ்வு, வரலாற்று ஆய்வுக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு ஓர் ஆய்விதழைத் தொடங்கி, முதல் இதழின் செலவைத் தாமே ஏற்றார். 1830ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஏடுகளைத் துருவி, அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர்களைத் தொகுத்து அச்சேற்றினார். 1926இல், லிங்கனும் பிரெடரிக் டக்ளஸும் பிறந்த நாள்களைக் கொண்ட பிப்ரவரி வாரத்தை வரலாற்று வாரமாக அறிவித்தார்.

1930க்குப் பின் பெருஞ்செல்வர் அறநிலையங்களின் உதவி நின்றது. அப்போது கழகத்தைக் காத்தவை ஆசிரியர்களும் தேவாலயங்களும் எளிய மக்களும் அளித்த சிறு தொகைகளேயாம். மணம் புரியாத வுட்சன், வாஷிங்டனில் கழக அலுவலகம் இருந்த வீட்டின் மாடியிலேயே வாழ்ந்து, 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் காலமானார்.

அரசினர் பள்ளிகளில் இனத்தின்படி மாணவரைப் பிரித்துவைத்தல் சட்டத்துக்குப் புறம்பானதென 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், அவர் கண்ட வாரம் 1976இல் மாதமாக விரிந்ததையும் காண அவர் இருந்திலர். எனினும் சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் அன்று கேட்ட முதியோர் மொழிகள் வீண்போகவில்லை. நம் வீட்டு முதியோர் பழங்கதை சொல்லத் தொடங்குங்கால், சற்றே செவிசாய்த்து அதனை ஏட்டில் குறித்து வைப்போமாக!