சிறையிலிருந்து நோபல் வரை... யார் இந்த லெவ் லாண்டாவ்?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினுக்குள்ளே இருக்கும் காந்தச் சுருளில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடிக்கிட்டே இருக்கும். கடும் குளிரில் இப்படி மின்தடையை இழக்கும் பொருள்தான் சூப்பர் கண்டக்டர். அந்த நிலைக்கு அது எப்படி மாறுது? அதற்குக் கணக்கு எழுதியவர்களில் முக்கியமானவர் சோவியத் விஞ்ஞானி லெவ் லாண்டாவ்.

1908-ல் பாகு நகரில் பிறந்தவர். 14 வயதிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார்!

1937-ல் நிலைமாற்றங்கள் பற்றிய தன் கோட்பாட்டை வெளியிட்டார். ஐஸ் உருகுவதைப் பாருங்க, கட்டியும் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். அது ஒரு வகை. காந்தத்தைச் சூடாக்கினால் அதன் வலு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பூஜ்யமாகும். அது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்குப் பொதுவான கணக்கைத் தந்தவர் லாண்டாவ்.

ஆனா, அதே ஆண்டில் ஸ்டாலின் அரசின் களையெடுப்பு அவரது வட்டத்தையும் தொட்டது. கார்கிவ் நகரில் அவரோடு வேலை பார்த்த லெவ் ஷுப்னிகோவ் கைது செய்யப்பட்டு, சுட்டுக் கொல்லப்பட்டார். 1938 ஏப்ரலில் லாண்டாவும் கைது. காரணம்? ஸ்டாலினுக்கு எதிரான துண்டறிக்கை. மூத்த விஞ்ஞானி பியோத்தர் கபிட்சா நேரடியாக ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். கடைசியில் அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்ற பிறகே, ஒரு வருடம் கழித்து விடுதலை.

அப்படித் தப்பியவர்தான் 1950-ல் விட்டலி கின்ஸ்பர்க்கோடு சேர்ந்து சூப்பர் கண்டக்டர் கோட்பாட்டை எழுதினார். அதில் ஒரு ஆச்சரியம் இருக்கு. வெள்ளீயம் போன்ற தூய உலோகத்தின் பெரிய துண்டைக் காந்தப்புலத்தில் வைத்து, புலத்தைக் கூட்டினால், ஒரு கட்டத்தில் சூப்பர் கண்டக்டர் நிலை சட்டென்று உடையும். அதையே மிக மெல்லிய படலமாக்கினால்? அந்த நிலை படிப்படியாகத் தேய்ந்து மறையும். பொருள் ஒன்றுதான், அளவு சுருங்கினால் மாற்றத்தின் வகையே மாறுது!

1962 ஜனவரியில் கார் விபத்து. பல வாரங்கள் கோமா. அதே ஆண்டு திரவ ஹீலியம் ஆய்வுக்காக நோபல் பரிசு. ஆனா ஸ்டாக்ஹோம் போக முடியல. மாஸ்கோவிலேயே பரிசைக் கொடுத்தார்கள். அதன்பின் ஆய்வுக்குத் திரும்பாமலேயே 1968-ல் காலமானார்.

சரி, ஷுப்னிகோவ்? வலுவான காந்தப்புலத்தையும் தாங்கும் உலோகக் கலவைகளைச் சோதனையில் கண்டவர் அவர். ஏன் தாங்குகின்றன என்பதை லாண்டாவின் மாணவர் அப்ரிகோசோவ் 1957-ல் அதே கோட்பாட்டை வைத்து விளக்கினார். கின்ஸ்பர்க்கும் அப்ரிகோசோவும் 2003-ல் நோபல் பெற்றார்கள். இன்று எம்.ஆர்.ஐ. காந்தத்தில் இருப்பதும் அந்த வகைக் கலவைதான். ஷுப்னிகோவுக்குக் கடிதம் எழுதிக் காப்பாற்ற ஒரு கபிட்சா கிடைக்கவில்லை.