நீலகண்ட சிவன்

தென்குமரியை அடுத்த நாஞ்சில் நாடு நெல்வயலும் குளமும் மலிந்த நன்செய் நாடு. 1956 ஆம் ஆண்டு தமிழகத்தோடு இணையும்வரை அது திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. அந்நாட்டு நாகர்கோவிலின் ஒரு பகுதியாகிய வடிவீசுவரத்தில் 1839 ஆம் ஆண்டு நீலகண்ட சிவனார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சுப்பிரமணியன் என்பது.

அவர் வளர்ந்த ஊர் பத்மநாபபுரம். மன்னர்களின் தலைநகராய் விளங்கிய அவ்வூர், 1795 இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிய பின்னர், கோட்டை மதிலும் மர அரண்மனையும் நிற்க, ஆரவாரம் ஓய்ந்து கிடந்தது. கோட்டையினுள்ளே நீலகண்டசுவாமி கோயில் உளது. சிவராத்திரியில் அடியவர் பன்னிரு கோயில்களுக்கு ஓடி வழிபடும் சிவாலய ஓட்டத்தில் அஃது ஏழாவது. அவ்விறைவனிடத்தே இளைஞரின் உள்ளம் தோய்ந்தது. தம் பாடல்களில் அவன் பெயரையே முத்திரையாக வைத்தார். நாளடைவில் அதுவே அவர்தம் பெயருமாயிற்று. சிலகாலம் அரசாங்கப் பணி பார்த்தார். மனம் அதிற் பொருந்தாமையின் விட்டொழித்தார். இசையையும் அவர் முறையாக ஓர் ஆசிரியரை அடுத்துப் பயின்றவரல்லர்.

திருவிதாங்கூர் அரசவையில் இசைக்குக் குறைவில்லை. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னர் தாமே கீர்த்தனங்கள் இயற்றியவர். ஆயினும், அங்கு ஒலித்தவை பெரும்பாலும் வடமொழியும் தெலுங்குமே. பகலெல்லாம் உழைத்து மாலையிற் கோயிலுக்கு வரும் தமிழ்மக்களுக்கு அவற்றின் பண் இனிக்கும், பொருள் எட்டாது. சிவனார் தமிழிற் பாடினார். அருஞ்சொற்களை நாடுவோர் அவர்பாற் செல்ல வேண்டா. எளிய சொல், நெஞ்சு நைந்து இரக்கும் குரல் இவையே அவர் செல்வம்.

அப்பாடல்கள் அரங்கிற்கன்றிப் பசனைக்கென எழுந்தவை. ஒருவர் பல்லவியை எடுத்துப் பாட, சூழ்ந்திருப்போர் அதனைத் திருப்பிப் பாடுவர். கேட்க வந்தவனும் பாடுவோனாகி விடுகிறான்! சிவனருள் என்று கிட்டுமோ என ஏங்கும் பாட்டொன்றை அவர் முகாரி இராகத்தில் அமைத்தார். இரக்கச் சுவைக்கு உரியதென இசைவாணர் போற்றும் இராகம் அது. சொல்லின் ஏக்கத்தைப் பண்ணும் ஏந்திச் செல்லுதலின், கல்லாதாரும் அதனைக் கேட்டு உருகுவர். பூர்வி கலியாணியில் அவர் பாடிய தில்லைக் கூத்தன் பாடலோ உவகை ததும்புவது. நடன அரங்குகளிலும் அது விரும்பி ஆடப்படுகின்றது.

1900 ஆம் ஆண்டு சிவனார் மறைந்தார். தஞ்சை நாட்டுப் பொலகத்தில் 1890 இல் பிறந்த இராமையா என்னும் சிறுவன், தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த காலம் அது. கல்லூரியில் அவன் கற்றது வடமொழி. உள்ளத்தைக் கவர்ந்ததோ நீலகண்ட சிவனாரின் தமிழ்ப்பாட்டு. 1910 இல் தாயும் மறைய, ஆதரவற்ற அவ்விளைஞருக்கு அப்பாட்டே பற்றுக்கோடாயிற்று. கோயில்தோறும் சென்று பாடினார். தாமும் தமிழிற் கீர்த்தனங்கள் இயற்றினார். அவரே பாபநாசம் சிவன். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளில், மார்கழி விடியற்காலைப் பனியில், அவர் பசனை பாடி வலம்வர, வீட்டார் துயிலெழுந்து வாயிலில் வந்து நிற்பர். சிலர் உடன் நடந்து பாடுவர்.