மறதி நோய்க்குப் பெயர் தந்த டாக்டர்

மறதி நோய்க்குத் தன் பெயரையே தந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், ஜெர்மனியில் மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் 1864-ம் ஆண்டு பிறந்தவர். 1888-ல் பிராங்க்பர்ட் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

1901 நவம்பரில் அங்கே ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். வயது 51. புருஷன் மேல் வீண் சந்தேகம். சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாது. பேனா, சாவியைக் காட்டினால் பெயர் சொல்வார். கொஞ்ச நேரத்தில் காட்டியதே மறந்துபோகும். தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார்.

கிழடு தட்டினால் புத்தி தடுமாறும் என்று விட்டுவிடுகிற காலம் அது. 51 வயதில் எப்படி வரும்? அல்சைமர் விடவில்லை. அந்த வருடம்தான் அவருடைய மனைவி இறந்திருந்தார். வீட்டில் 3 குழந்தைகள். ஆனாலும் தினமும் அந்தப் பெண்ணிடம் பேசிப் பேசிக் குறித்து வைத்தார்.

1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்தார். மியூனிச்சுக்கு மாறியிருந்த டாக்டர், மூளையை வரவழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மூளை சுருங்கிக் கிடந்தது. நரம்பு செல்களுக்குள் நூல் சிக்கல் மாதிரி முடிச்சுகள்; வெளியே படிவுகள். இன்றைக்கு ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் தேடுவது இவற்றின் அடையாளத்தைத்தான்.

அந்த நவம்பரில் டூபிங்கன் நகரில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார். ஒருத்தர்கூடக் கேள்வி கேட்கவில்லை!

1910-ல் பேராசிரியர் கிரேபெலின் தன் புத்தகத்தில் நோய்க்கு அவர் பெயரை வைத்தார். 1915-ல் அல்சைமர் இறந்தார். அவருக்கும் வயது 51.

அவர் குறித்து வைத்த அந்தப் பெண்ணின் கேஸ் காகிதங்கள் காணாமல் போயிருந்தன. 1995-ல் பிராங்க்பர்ட்டிலேயே கிடைத்தன.