ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் டாக்டர் சுப்பாராவும்



எல்லாரும் இராமன், அப்துல் கலாம், மேரி கியூரின்னு எழுதிட்டீங்க. நான் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ் பற்றி எழுதப் போறேன். அதுக்குக் காரணம் எங்க அப்பாயி.

எங்க அப்பாயிக்கு முடக்குவாதம். நாற்பது வருஷம் நடவு நட்ட கை இப்ப விரலை மடக்கக்கூட முடியல. டாக்டர் ரெண்டு மாத்திரை கொடுத்திருக்காங்க. ஒண்ணு மெத்தோட்ரெக்சேட், ஞாயிற்றுக்கிழமை மட்டும். இன்னொண்ணு ஃபோலிக் அமிலம், அது திங்கட்கிழமை. ஒரு புதன்கிழமை ராத்திரி அப்பாயி வலி தாங்காம அழுதுச்சு. எனக்கு மனசு கேக்கல. ஞாயிற்றுக்கிழமை மாத்திரையையே எடுத்துத் தண்ணியோட கொண்டு போயிட்டேன். அம்மா பார்த்துட்டுக் கையைத் தட்டிவிட்டாங்க. மாத்திரை உருண்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. நான் கோவத்துல சாப்பிடாமப் படுத்துட்டேன். ஒரு நாள் முன்னப் பின்ன சாப்பிட்டா என்ன ஆயிடும்னு மறுநாள் அறிவியல் டீச்சர்கிட்ட கேட்டப்போதான் இந்தக் கதை கிடைச்சது. டீச்சர் கொடுத்த புத்தகத்தையும் படிச்சு எழுதறேன்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பீமாவரத்தில் பிறந்தார். ஏழை வீடு. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ரெண்டு தடவை தோற்று, மூணாவது தடவைதான் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில இருந்து தேறினார். (கணக்குல ஃபெயில் ஆன என் பெஞ்சுத் தோழி இதை ரெண்டு தடவை படிக்கவும்.) துறவியாப் போகணும்னு ஆசைப்பட்டாராம், அம்மா சம்மதிக்கல. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகள் அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம் அது. இவர் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியோட போனார். பேராசிரியருக்குப் பிடிக்கல. எழுத்துத் தேர்வெல்லாம் நல்லா எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் தராம, அதைவிடச் சின்ன எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தாங்க. ஒரு துணிக்காக!

அவரோட கூடப் பிறந்தவங்க ரெண்டு பேர் ஸ்புரூ என்ற வயிற்று நோயில அடுத்தடுத்து இறந்துட்டாங்க. சாப்பாட்டுச் சத்து உடம்புல ஒட்டாம, இரத்தம் குறைஞ்சு உருக்கும் நோய். மருத்துவம் படிச்ச வீட்டிலேயே மருந்து இல்லை. இதை நினைச்சுக்கிட்டு மேல படிங்க.

1920-களின் தொடக்கத்தில் மனைவியை ஊரிலேயே விட்டுட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன்ல ஹார்வர்டில் படிப்பு, ராத்திரியில ஆஸ்பத்திரியில எடுபிடி வேலை. நோயாளிகளோட மலப் பாத்திரம்கூடக் கழுவியிருக்கார். ஊர்ல பிறந்த மகன் கைக்குழந்தையிலேயே இறந்துட்டான், இவர் முகம்கூடப் பார்க்கல. ஃபிஸ்க் என்ற ஆசிரியரோடு சேர்ந்து இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவுன்னு அளக்க 1925-ல் ஒரு முறை கண்டுபிடிச்சார். நம்ம தசை வேலை செய்யத் தேவையான ஏ.டி.பி. என்ற பொருளையும் பிரிச்சு எடுத்தாங்க. இவ்வளவு செய்தும் அங்க நிரந்தர வேலை கிடைக்கல. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் லெடர்லே மருந்துக் கம்பெனிக்கு ஆராய்ச்சி நடத்தப் போனார்.

இனிமேல்தான் எங்க அப்பாயி விஷயம் வருது.

1931-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாய் மில்லுல வேலை செய்த கர்ப்பிணிகளோட இரத்த சோகை ஈஸ்ட்டுச் சத்துல குணமாகுதுன்னு எழுதியிருந்தார். 1941-ல் அந்த மாதிரிச் சத்தைப் பசலைக் கீரையில இருந்து பிரிச்சு, இலைக்கான லத்தீன் சொல்லை வச்சு ஃபோலிக் அமிலம்னு பேர் வச்சாங்க. ஆனா அதை ஆய்வகத்துல செய்ய யாருக்கும் தெரியல. சுப்பாராவ் தலைமையில இருந்த குழு 1945-ல் செய்து காட்டுச்சு. ஸ்புரூ நோயாளிகளுக்கும் அது மருந்தாச்சு. அவர் வீட்டுக்குத்தான் அது ரொம்பப் பிந்திப் போச்சு. நமக்கு வாரம் ஒரு நாள் பள்ளியில தர்ற நீல மாத்திரையில இரும்புச் சத்தோட 500 மைக்ரோகிராம் இருக்கறது இதே ஃபோலிக் அமிலம்தான். வேப்ப மரத்தடியில வீசறவங்க யாருன்னு எனக்குத் தெரியும், நானும் ஒரு தடவை வீசியிருக்கேன்.

அந்தச் சமயம் பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கிட்டிருந்தார். ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்தைக் கொடுத்தா நோய் இன்னும் வேகமா வளர்ற மாதிரி தெரிஞ்சது. அப்படின்னா அந்தச் சத்தைத் தடுத்தா நோய் நிக்குமான்னு யோசிச்சார். சுப்பாராவோட ஆய்வகம் ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கற போலிகளைச் செய்து அனுப்புச்சு.

பக்கத்துல நான் வரைஞ்ச பூட்டுப் படத்தைப் பாருங்க. பூட்டு என்பது நம்ம செல்லுக்குள்ள இருக்கற ஒரு நொதி. அதுவும் ஒரு புரதம். பேரு டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் (டீச்சர் மூணு தடவை சொல்லித்தான் எழுத முடிஞ்சது). புரதத்துல ஒரு பள்ளம் இருக்கு. ஃபோலிக் அமிலம் அந்தப் பள்ளத்துல வந்து உட்காரும், நொதி அதை மாத்தி அனுப்பும், அது டி.என்.ஏ. செய்ய உதவும். புதுசா செல் உண்டாக டி.என்.ஏ. வேணும். உட்கார்றதுன்னா பசை போட்ட மாதிரி இல்ல. புரதத்துல எதிர்மின் உள்ள இடத்துல இங்க நேர்மின், அங்கங்க ஹைட்ரஜன் பிணைப்பு, இப்படிச் சின்னச் சின்னப் பிடி நிறையச் சேர்ந்து பிடிக்குது. அதனாலதான் வேலை முடிஞ்சதும் விட்டுட முடியுது. நொதி பூட்டு, பொருள் சாவின்னு எமில் ஃபிஷர் 1894-லேயே உவமை சொல்லியிருக்கார். சுப்பாராவ் பிறக்கறதுக்கு முந்தின வருஷம்!

போலியில என்ன வித்தியாசம்னா, ஃபோலிக் அமிலத்துல ஓர் ஆக்சிஜன் இருக்கற இடத்துல ஒரு நைட்ரஜன் தொகுதி. அவ்வளவுதான். அந்த ஒரு மாற்றத்தால பிடி ஆயிரம் மடங்கு இறுகிடுது. நொதி அதை விடவே மாட்டேங்குது, உண்மையான ஃபோலிக் அமிலம் வெளியிலேயே நிக்குது. பிற்பாடு எக்ஸ் கதிர் வச்சுப் பார்த்தப்போ அந்தப் போலியோட ஒரு பக்கம் பள்ளத்துல தலைகீழாப் புரண்டு உட்கார்ந்திருந்ததாம். சாவியைத் திருப்பிப் போட்டதுல இன்னும் கெட்டியா மாட்டிக்கிச்சு. எந்த நொதியை இது பிடிக்குதுன்னு தெரிஞ்சதே சுப்பாராவ் இறந்த பிறகுதான்.

அமினாப்டெரின் என்ற அந்தப் போலியை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிஞ்சது. கொஞ்ச காலம்தான், திரும்பவும் வந்துடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி அந்த நோய்க்கு எதுவுமே கேட்டதில்லை. 1948 ஜூன்ல இந்தச் செய்தி அச்சில் வந்தது. ஆகஸ்ட்ல சுப்பாராவ் 53 வயசுல இறந்துட்டார். ஊருக்குத் திரும்பி வரவே இல்லை. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் அவர் ஆய்வகத்துல பிறந்ததுதான். 1995-ல் இந்திய அரசு அவர் படத்தோட தபால்தலை வெளியிட்டுச்சு.

அமினாப்டெரினோட தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்னைக்கு வேற மருந்துகளோட சேர்த்து அதைக் கொடுத்து இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் நிறையப் பேரைக் குணப்படுத்தறாங்க. ரொம்பக் குறைஞ்ச அளவுல வாரம் ஒரு தடவை கொடுத்தா முடக்குவாத வீக்கம் அடங்குது. தினமும் போட்டா நல்ல செல்லோட பூட்டும் மாட்டிக்கிட்டே இருக்கும். வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜையில இரத்தம் ஊறாது, உயிருக்கே ஆபத்து. நடுவுல இருக்கற ஆறு நாள் உடம்பு மூச்சு வாங்கிக்க. திங்கட்கிழமை மாத்திரை அதுக்குத் துணை. இது எதுவும் எங்க அம்மாவுக்குத் தெரியாது. ஆனா டாக்டர் சொன்ன கிழமையை மறக்கல.

இதையெல்லாம் அப்பாயிகிட்ட சொன்னேன். பூட்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, ஒரு சாவியை ஏன் தலைகீழா வரைஞ்சிருக்கேன்னு கேட்டுச்சு. இப்ப காலண்டர்ல ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாம் நான்தான் சிவப்புப் பேனாவால வட்டம் போடறேன். வலிக்கற புதன்கிழமையில வெந்நீர்ல துணி நனைச்சு ஒத்தடம் கொடுக்கறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி