46 கிலோ டு 12 கிலோ... செயின் சா மனிதர் ஸ்டீலின் கதை!

துருப்பிடிச்ச பழைய செயின் சாவைப் பிரிச்சு மேய்ஞ்சு, கயித்தை ஒரே இழு... 'டுர்ர்ர்'னு உயிர் வரும். இந்த ரெஸ்டொரேஷன் வீடியோக்களை ராத்திரி தூக்கம் தொலைச்சுப் பார்க்கிற ஆளா நீங்க? அப்போ அந்த மெஷின்கள்ல 'ஸ்டீல்'ங்கிற பேரைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அது இரும்பைக் குறிக்கிற பேர் இல்லை பாஸ், ஒரு மனுஷனோட பேர்.

ஆண்ட்ரியாஸ் ஸ்டீல், 1896-ல் ஸ்விட்சர்லாந்தின் ஸூரிக்கில் பிறந்தவர். இன்ஜினீயரிங் படிச்சுட்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பகுதியில தொழில் தொடங்கினார். அப்போ மரம் வெட்டுறதுன்னா கோடாரியும், ரெண்டு பேர் மாறி மாறி இழுக்கிற ரம்பமும்தான். மெஷின் இருக்கிற இடத்துக்கு மரத்தைச் சுமக்கிறதுக்குப் பதிலா, மரத்துகிட்ட மெஷினைக் கொண்டுபோனா என்ன? இதுதான் அவரோட ஐடியா.

1926-ல் மின்சார செயின் சா ரெடி. ஆனா, காட்டுல பிளக் பாயின்ட்டுக்கு எங்கே போறது? 1929-ல் பெட்ரோல் மெஷின் வந்தது. எடை 46 கிலோ! தூக்கவே ரெண்டு பேர் வேணும். உலகின் முதல் பெட்ரோல் சா இதுதான்னு நினைச்சுடாதீங்க. 1927-லயே எமில் லெர்ப், டோல்மார் மலையில தன் மெஷினை ஓட்டிக் காட்டிட்டார்.

இந்தக் கதையில ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கு. ஸ்டீல் நாஜி கட்சியிலயும் எஸ்.எஸ். அமைப்பிலயும் உறுப்பினரா இருந்தவர். போருக்குப் பிறகு நேச நாடுகளின் காவல்ல அடைக்கப்பட்டார். மெஷினை ரசிக்கிறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும்.

1950-ல் ஒருத்தரே பிடிக்கிற 16 கிலோ மாடல் வந்தது. 1959-ல் வந்த 'கான்ட்ரா'தான் கேம் சேஞ்சர். 12 கிலோதான் எடை. கியர்பாக்ஸ் கிடையாது. டயாஃப்ரம் கார்புரேட்டர் இருந்ததால, எப்படிச் சாய்ச்சாலும் இன்ஜின் நிக்காது.

1973-ல் ஸ்டீல் மறைஞ்சார். கான்ட்ராவை இன்னிக்கும் சேகரிக்கிறாங்க, ஓட்டுறாங்க. பழைய மெஷின் கிடைச்சா முதல்ல அந்த டயாஃப்ரத்தைப் பாருங்க. வருஷக்கணக்குல சும்மா கிடந்தா அது விறைச்சுப்போயிருக்கும்; புதுசா மாத்தணும். பெட்ரோல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க மறந்தா பிஸ்டன் காலி.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தக் காலத்து மெஷின்ல இருக்கிற செயின் பிரேக் அதுல இருக்காது. பிளேடு எகிறினா தடுக்க எதுவுமே இல்லை. அதனால ஸ்டார்ட் பண்ணி சத்தத்தை ரசிங்க... மரம் அறுக்கப் புது மெஷினை எடுங்க!