பிக்மி நம்பருக்கு முன்பே கணியம்பாடியில் ஒரு கணக்கு... யார் இந்த ஐடா ஸ்கடர்?

கர்ப்பம் என்று தெரிந்ததுமே, பிக்மி நம்பர் வாங்கியாச்சா என்று கேட்கிறார்களே, ஏன்? ஒரு கர்ப்பிணிகூட அரசின் கணக்கில் விடுபடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தக் கணக்கின் அருமை புரிய, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

ஒரே இரவில் 3 மரணம்

ஐடா 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா, தாத்தா இருவருமே அமெரிக்க மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு டாக்டராகும் ஆசையே இல்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவு மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஆண் டாக்டர் வேண்டாம், ஐடாதான் வரணும் என்றார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. மறுநாள் காலை, மூன்று பெண்களுமே உயிரோடு இல்லை.

டாக்டராகத் திரும்பினார்

அந்த இரவு ஐடாவை மாற்றியது. அமெரிக்கா போய், 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-ல் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வர முடியாதவர்களைத் தேடிப்போய் சாலையோர மரத்தடியிலும் வைத்தியம் பார்த்தார். 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

கணியம்பாடி கணக்கு

அவருக்குப் பிறகு, ஊர் தேடிப் போகும் அந்த வேலை சமுதாய நலத் திட்டமாக வளர்ந்தது. அதன் களம், வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியம். 1 லட்சத்துக்கும் அதிகமான மக்கள். யார் கர்ப்பம், எங்கே பிறப்பு, யார் இறந்தார் என ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர் தகவல் தருவார். நர்ஸும் டாக்டரும் சரிபார்ப்பார்கள். இந்தப் பதிவுகள் 1980-களிலேயே கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன.

இதனால் என்ன லாபம்? நோட்டில் கிடக்கும் தகவலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டணும். கம்ப்யூட்டரிலோ ஊர், வயது, காரணம் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். எந்த ஊரில் பிரசவ மரணம், எந்தக் கர்ப்பிணிக்கு ஆபத்து என்பது முன்கூட்டியே தெரியும்.

ஆனால், வீட்டுக்குப் போய் யாராவது கேட்டால்தான் கம்ப்யூட்டருக்குத் தகவல் கிடைக்கும். அன்று உதவி கேட்டு ஐடாவின் கதவைத் தட்டினார்கள். இன்று கர்ப்பிணியின் கதவை சுகாதாரப் பணியாளர் தட்டுகிறார். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு அவர் வந்தால், விவரத்தை மறைக்காமல் சொல்லுங்க.