இரட்டைமலையாரும் உரிமைச் சாசனமும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். நம் காக்களூரும் அந்நாளில் அதே மாவட்டத்தில் அடங்கியிருந்தமையால், அன்னாரை நம் வட்டாரத்துப் பெரியவர் என்றே உரிமையோடு கூறிக்கொள்கிறோம். அவர் வட்டமேசை மாநாட்டிற்கு இலண்டன் சென்றதை நம் இளைஞர்கள் அறிவர். அங்கே அவர் கேட்டது யாது என்பதை அறிந்தோர் சிலரே.

சட்டமன்றம் புகுமுன்பே அவர் சங்கம் கண்டவர். 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரியபோது, 3,412 பேரிடம் கையொப்பம் பெற்று அதனை மறுத்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு மனு விடுத்தார். இன்று இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மேல்சாதியாரே அதிகாரிகளாக வந்து அமர்ந்தால் ஏழைக்கு நீதி ஏது என்பது அவரது அச்சம். பின்னர்ப் பல்லாண்டுகள் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றித் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை நம் மக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானம் 1924இல் நிறைவேற உழைத்தார். ஆர். வீரையன் முதலியோரும் இதற்காக அரும்பாடுபட்டனர்.

தீர்மானம் வந்தது, தெரு திறந்ததா? பல ஊர்களில் திறக்கவில்லை. நடந்தவனுக்குக் கூலி வேலை மறுக்கப்பட்டது. கடைக்காரர் பொருள் தர மறுத்தார். குத்தகை நிலம் பறிபோயிற்று. அடிக்காமலே பணியவைக்கும் இக்கொடுமைக்குச் சமூக விலக்கு என்று பெயர்.

1930 நவம்பரில் வட்டமேசை மாநாடு கூடியது. டாக்டர் அம்பேத்கரும் சீனிவசனாரும் கையொப்பமிட்டுச் சிறுபான்மையோர் துணைக்குழுவிடம் எட்டு நிபந்தனைகள் கொண்ட திட்டம் ஒன்றை அளித்தனர். எழுத்தில் பெரும்பங்கு அம்பேத்கருடையதே என நாம் கருதுகிறோம். ஆயினும் அதன் பின்னால் நின்றது இருவரின் அனுபவமும், நாட்டின் பல பகுதிகளிலும் இருந்த எளிய சங்கங்களின் பல்லாண்டு உழைப்பும் ஆகும். தீண்டாமையை ஒழித்துச் சமக் குடியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவிக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. சாலை, கிணறு, விடுதி ஆகியவற்றைப் பயன்படுத்த விடாது தடுப்போர்க்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை கேட்டனர். சமூக விலக்கையும் குற்றமாக்கக் கோரினர். அதற்குரிய வாசகத்தை எங்கிருந்து எடுத்தனர் தெரியுமா? 1922ஆம் ஆண்டின் பர்மா பகிஷ்காரத் தடைச் சட்டத்திலிருந்து! அமெரிக்கச் சட்டங்களையும் ஆராய்ந்திருந்தனர். பிற நாட்டுச் சட்டங்களைப் படித்தறிந்து தமக்கு வேண்டியதை எடுத்தாண்ட இந்த உழைப்பை, தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

அந்தத் திட்டம் அப்போது அப்படியே சட்டமாகவில்லை. சீனிவாசனார் 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார். தீண்டாமையை ஒழிக்கும் விதியை அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29இல் ஏற்றது. அதுவே இன்று அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு. வேலை தர மறுத்தும் வாணிகம் செய்ய மறுத்தும் ஒருவரை விலக்கி வைப்பது குற்றம் என்பது 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் இடம்பெற்றது. இலண்டனில் அவர்கள் அதைக் கேட்டு அப்போது ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.